மாகாண நியமனத் திட்டம் (கனடா)

மாகாண நியமனத் திட்டம் என்பது, கனடாவின் மாகாணங்களும் ஆட்புலங்களும் தமக்குத் தேவையான திறன்சார் தொழிலாளர்களைத் தாமே தெரிவு செய்து, நிரந்தர வதிவுரிமைக்கு முன்மொழியும் குடிவரவுத் திட்டம் ஆகும்.

வரலாறு

குடிவரவாளர்களில் பெரும்பாலோர் ரொறன்ரோ, மொன்றியால், வான்கூவர் ஆகிய பெருநகரங்களையே நாடியதால், சிறிய மாகாணங்கள் தொழிலாளர் பற்றாக்குறையை எதிர்கொண்டன. இதற்குத் தீர்வாக 1998 இல் மானிட்டோபாவில் இத்திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் பிற மாகாணங்களுக்கும் பரவியது. 1991 ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி கியூபெக் தனியான தெரிவு முறையைக் கொண்டுள்ளது. நுனாவுட்டில் இத்திட்டம் இல்லை.

செயல்முறை

கல்வி, மொழித்திறன், பணி அனுபவம், உள்ளூர் வேலைவாய்ப்பு முதலியவற்றைக் கருதி மாகாணம் நியமனச் சான்றிதழ் வழங்கும். உடல்நலம், குற்றப் பின்னணி ஆகியவற்றை ஆராய்ந்து இறுதி முடிவெடுப்பது நடுவண் அரசாகும். 2015 இல் நடைமுறைக்கு வந்த எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், நியமனம் பெற்றவருக்கு 600 கூடுதல் புள்ளிகள் வழங்கப்படுகின்றன.

வதிவுக் கடப்பாடு

விண்ணப்பதாரர் தம்மை நியமித்த மாகாணத்தில் வாழும் எண்ணம் உடையவராக இருத்தல் வேண்டும். வேறிடத்தில் குடியேறும் எண்ணத்தை மறைத்து விண்ணப்பித்தல் பொய்யுரையாகக் கருதப்பட்டு, வதிவுரிமை இழப்பிற்கும் வழிவகுக்கலாம். எனினும், 1982 ஆம் ஆண்டின் உரிமைகள் மற்றும் சுதந்திரங்கள் பட்டயத்தின் 6 ஆம் பிரிவு, நிரந்தர வதிவாளர் எந்த மாகாணத்திற்கும் இடம்பெயர்ந்து தொழில் புரியும் உரிமையை அளிக்கிறது. ஆகவே, வந்தவர்களைத் தக்கவைத்துக் கொள்வதற்கு மாகாணங்கள் சட்டத்தைக் காட்டிலும் வேலைவாய்ப்பு, உறவினர், சமூகப் பிணைப்பு ஆகியவற்றையே பெரிதும் சார்ந்துள்ளன.