முட்டி நிற்கும் நிரல்கள்: இணைக்கணிப்பில் பிழையறியும் முறையின் வரலாறு குறித்து ஓர் ஆய்வு

பல கணினிகளை வலையால் பிணைத்து ஒரே கணக்கை அவற்றுக்குப் பகிர்ந்தளிக்கும் கிளஸ்டர் முறையில், நிரல் தவறான விடை தருவதைக் காட்டிலும், விடையே தராமல் நின்றுவிடுவதுதான் பெரிய சங்கடம் என்பதை அத்துறையில் பழகியோர் அறிவர். இவ்வாறு நிற்பதன் காரணத்தை விசாரிக்கப் புகுவோருள் பலர், டாண்டம் கம்பெனியின் அறிக்கையாக 1985இல் ஜிம் கிரே வெளியிட்ட ஆராய்ச்சியையே பிரமாணமாகக் கொண்டு, பிழைகளை நிலையானவை, நிலையற்றவை என இரண்டே வகுப்பில் அடக்கிவிடுகின்றனர். இப்பாகுபாடு கிளஸ்டர் நிரல்களுக்குப் பொருந்தாது என்பதும், பொருந்தாமைக்குரிய காரணம் செய்தி அனுப்பும் முறையின் வரலாற்றிலேயே இருக்கிறது என்பதும் என் அபிப்பிராயம்.

கிரேயின் சித்தாந்தம் எளிதாகத் தள்ளக்கூடியதன்று. எப்போதும் ஒரே விதமாகத் தோன்றும் திடமான பிழைகள் சோதனைக் காலத்திலேயே களையப்பட்டுவிடுமாதலால், முதிர்ந்த மென்பொருளில் எஞ்சுபவை பெரும்பாலும் ஒருமுறை தோன்றி மறுமுறை மறைபவையே என்றும், ஆகவே தவறிய காரியத்தை மீண்டும் தொடங்கினால் அது பெரும்பாலும் நிறைவேறிவிடும் என்றும் அவர் வாதித்தார். அச்சுப்பணியை வரிசைப்படுத்தும் ஸ்பூலர் மென்பொருளின் பிழைக்குறிப்பேடுகளில் கண்ட 132 பிழைகளில் ஒன்றே ஒன்றுதான் திடமான பிழை என்பது அவர் காட்டிய சான்று. இந்த எண்ணை எடுத்தாளுவோர், அது எங்கே, எந்த நிலைமையில் எண்ணப்பட்டது என்பதைக் கவனிப்பதில்லை. அந்த ஸ்பூலர், ஒரு பிராசஸ் வீழ்ந்தால் அதன் இரட்டை உடனே எழுந்து காரியத்தை ஏற்கும்படி அமைந்தது; அங்கே மறுமுயற்சி பலித்தது அவ்வமைப்பின் சிறப்பு. ஆயிரம் பிராசஸ்கள் ஒன்றன் செய்திக்கு மற்றொன்று காத்திருக்கும் கிளஸ்டரிலோ, ஒன்றன் நிலையை மற்றொன்று ஏற்க இயலாது. அன்றியும், பிழை மறைவதையும் தோன்றுவதையும் கிரே காலத்தைக் கொண்டு அளந்தார். செய்தி பரிமாறும் நிரல்களிலோ அதை நிர்ணயிப்பது பல சமயங்களில் காலமன்று, செய்தியின் அளவும் அது செல்லும் வழியுமே.

இதற்குத் தக்க சான்று, பிராசஸ்கள் செய்தி பரிமாறும் முறையை வகுத்து 1994 மே மாதத்தில் வெளிவந்த எம்.பி.ஐ. தர ஆவணத்திலேயே கிடைக்கிறது. செய்திப் பரிமாற்றத்தை விவரிக்கும் அதன் பகுதியில் மூன்று சிறு உதாரணங்கள் உள்ளன. முதலாவதில், ஒரு பிராசஸ் அனுப்பிவிட்டுப் பெறுகிறது, மற்றது பெற்றுவிட்டு அனுப்புகிறது. இது எக்காலத்தும் முடிவடையும். இரண்டாவதில் இரண்டுமே முதலில் பெறக் காத்திருக்கின்றன. இது எக்காலத்தும் டெட்லாக்கில் முட்டி நிற்கும். மூன்றாவதில் இரண்டுமே முதலில் அனுப்புகின்றன. செய்திகளில் ஒன்றையாவது இடையில் தாங்கிக்கொள்ளப் பஃபர் இருந்தால் முடிவடையும், இல்லையேல் நின்றுவிடும். வரிகளின் கிரமம் தவிர மூன்றுக்கும் வேற்றுமையில்லை. மூன்றாவதை ஆவணம் தடைசெய்யவில்லை. பஃபரை நம்பாமல் எழுதப்படும் நிரல்தான் பத்திரமானது என்று எச்சரித்து, பொறுப்பை எழுதுபவரிடமே விட்டுவிடுகிறது. கிரேயின் இரு வகுப்புகளில் இம்மூன்றாவதை எதில் சேர்ப்பது? நின்ற நிரலை நூறு முறை மீண்டும் தொடங்கினாலும் அதே இடத்தில்தான் நிற்கும், ஆகவே நிலையற்றதன்று. சிறிய கணக்கில் பல ஆண்டுகள் பழுதின்றி ஓடும். ஆகவே சோதனையில் அகப்படும் திடமான பிழையுமன்று.

இம்மூன்றாம் வடிவம் ஒரு காலத்தில் ஒளிந்து நிற்கவே இயலாதிருந்தது. செய்திப் பரிமாற்றத்துக்கெனக் கணினி அறிஞர் ஹோர் 1978இல் வகுத்த கோட்பாட்டில், பெறுபவர் ஆயத்தமாகும்வரை அனுப்புபவர் காத்திருந்தே தீரவேண்டும். பிரிஸ்டலில் இன்மோஸ் கம்பெனி செய்த டிரான்ஸ்பியூட்டர் சில்லுகளும் அவற்றுக்கான ஆக்கம் என்னும் நிரல்மொழியும் இக்கோட்பாட்டையே உடலாகக் கொண்டவை. 1988இல் பூனாவில் தொடங்கப்பெற்ற சி-டாக் ஸ்தாபனம் 1991இல் வெளியிட்ட பரம் 8000, அச்சில்லுகளாலேயே கட்டப்பட்டது. அத்தகைய யந்திரத்தின் நேரடி இணைப்பில், இருவரும் முதலில் அனுப்ப முற்படும் நிரல் முதல் ஓட்டத்திலேயே நின்று, தன் தோஷத்தைத் தானே அறிவித்துவிடும். ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் 1989இல் சுந்தரம் முதலியோர் தொடங்கிய பி.வி.எம். அமைப்போ, செய்தியைப் பிரதி எடுத்துக்கொண்டு அனுப்பியவரை உடனே விடுவித்தது.

எனினும், முன்னது மறைந்து பின்னது தோன்றிற்று என்று நேர்க்கோடு வரைவது வரலாறாகாது. கால்டெக்கில் 1983இல் இயங்கிய காஸ்மிக் கியூப் என்னும் ஒரே யந்திரத்தில், காத்திருந்து பரிமாறும் முறையும் பஃபரில் தாங்கும் முறையும் இரு வேறு குழுவினரால் கையாளப்பட்டன. ஆகவே மாறுதலுக்கு ஓர் ஆண்டைக் குறிப்பது துணிபாகாது. இரு ஓடைகளும் பல்லாண்டு உடன் ஓடின என்பதே பொருத்தம். ஆனால், எம்.பி.ஐ. வெளிவந்த அதே 1994இல்தான் நாசாவின் காடர்ட் மையத்தில் 16 சாதாரணக் கணினிகளை ஈதர்நெட்டால் பிணைத்த பியோவுல்ஃப் கிளஸ்டரும் எழுந்தது என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மெதுவான, மலிவான வலையில் காத்திருப்பு பெருநஷ்டம். அதை மறைக்கப் பஃபர் வேண்டியிருந்தது. காத்திருப்பு மறைந்தபோது பிழையும் கூடவே மறைந்தது.

மறைந்த பிழை வெளிப்படும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். சென்னைத் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் 2004இல் அமைத்த கப்ரு கிளஸ்டரில் 144 கணினிகள் 6×6×4 என்ற முப்பரிமாண வலையில் பிணைக்கப்பட்டிருந்தன. அங்கே செய்யப்பட்ட பின்னல்வெளிக் கணக்குகள், ஒவ்வொரு பிராசஸும் தன் எல்லை முகத்தின் எண்களை அண்டை பிராசஸ்களோடு பரிமாறும் இயல்பின. எல்லோரும் முதலில் அனுப்பும்படி எழுதிய அத்தகைய கணக்கொன்றை இக்காலத்து ஓபன் எம்.பி.ஐ. கொண்டு ஒரே கணினியின் பல கருக்களில் ஓட்டுவதாகக் கொள்வோம். 20×20 முகத்தில் 400 எண்கள், 3200 பைட். அங்கே வழக்கமான வரம்பாகிய 4096 பைட்டுக்குள் அடங்குவதால் செய்தி பஃபரில் ஏறிவிடும். முகத்தை 24×24 ஆக்கினால் 4608 பைட். எல்லோரும் அனுப்பும் கட்டளையிலேயே நிற்பர். அதே நிரலை வெவ்வேறு கணினிகளில் டி.சி.பி. வழியே ஓட்டினால் வரம்பு 64 கிலோபைட்டாதலால் தடையின்றி ஓடும். இதில் மேலும் மயக்குவது, நின்ற நிரல் செய்தி வந்ததா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பதால், டாப் கட்டளையில் நூறு சதவீதம் உழைப்பதாகவே தென்படுவது. ஜி.டி.பி. என்னும் பிழைதேடும் கருவியால் பிராசஸ்களைப் பற்றி அழைப்படுக்கைப் பார்த்தால்தான் அத்தனையும் அனுப்பும் இடத்திலேயே நிற்பது புலனாகும்.

2013இல் சிரம்பான்–கிம்மாஸ் இரட்டைப் பாதை முடிவதற்கு முன் நம் புலாவ் செபாங் வழியே சென்ற ஒற்றைப் பாதையை நினைவுகூர்வோர்க்கு, செய்தியின் அளவைப் பொறுத்து நிரல் நிற்பது எளிதில் விளங்கும். எதிரெதிரே வரும் இரு ரயில்களில் ஒன்றேனும் நிலையத்தின் கிளைப் பாதைக்குள் அடங்குமாயின் இரண்டும் விலகிச் செல்லும். இரண்டுமே அதைவிட நீளமாயின் இரண்டும் நகரா. வண்டி ஓட்டுபவரிடம் குற்றமில்லை. நீளம் பாராமல் கால அட்டவணை வகுத்தவரிடமே குற்றம்.

பழைய யந்திரங்களின் கண்டிப்பை இன்றும் விரும்பியபோது மீட்டுக்கொள்ள வழியுண்டு. பெறுபவர் பெறத் தொடங்கும்வரை அனுப்புபவரைக் காக்கவைக்கும் எஸ்செண்ட் என்னும் கட்டளை அதே 1994 ஆவணத்திலேயே இருக்கிறது. மலாக்காவில் மல்டிமீடியா பல்கலைக்கழகத்திலும் டுரியான் துங்கால் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இணைக்கணிப்புப் பயிலும் நம் மாணவர்களை நான் வேண்டுவது இதுவே: கிளஸ்டரில் பெரிய கணக்கை ஏற்றுமுன், உங்கள் நிரலிலுள்ள செண்ட் கட்டளைகள் யாவற்றையும் எஸ்செண்ட் ஆக்கிச் சிறிய அளவில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அது நின்றால், மீண்டும் தொடங்காமல், நின்ற இடத்தில் கிரமத்தைத் திருத்துங்கள்.