வண்டி தப்பினாலும் முறைப்பாடு செய்யுங்கள்

மோட்டார் சைக்கிள் களவு போனால் ஓடிப்போய் முறையிடும் நாங்கள், களவு முயற்சியோடு நின்றுவிட்டால் பேசாமல் இருந்துவிடுகிறோம். பொலிஸ் வாசலை மிதிக்கவே பயந்த காலத்தின் மிச்சம் அது. தண்டனைச் சட்டக்கோவையின்படி திருட முயல்வதும் குற்றமே.

மாத்தளை மாவட்டத்தில் வீதியோரம் நிறுத்தியிருந்த என் வண்டியில் திறப்பு போடும் இடத்தை உடைத்திருந்தார்கள். ஹேண்டில் லொக் தாங்கியதால் வண்டி தப்பியது. எதையும் தொடுவதற்கு முன் படம் எடுத்தேன். பக்கத்துக் கடைக்காரரிடம் கமரா பதிவை எடுத்துவைக்கச் சொன்னேன். பழைய பதிவுகள் சில நாட்களில் தானாகவே அழிந்துவிடும். கள்ளன் கண்ணெதிரே நின்றால் தனியாகத் துரத்த வேண்டாம், 119க்கு அழையுங்கள்.

பொலிஸ் நிலையத்தில் தமிழில் எழுதக்கூடிய அலுவலர் இருக்கவில்லை. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதற்குக் கையொப்பமிட எனக்கு விருப்பமில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது. வாய்மொழி முறைப்பாட்டை நாம் சொல்லும் மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்ட வேண்டும். அது இயலாவிட்டால், நம் மொழியில் நம்மையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். நான் தமிழில் எழுதிக் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டேன்.

அதே வண்டியை நாளை யாரோ கடத்தி வேறொரு குற்றத்துக்குப் பயன்படுத்தினால், விசாரணை முதலில் இலக்கத் தகட்டின் சொந்தக்காரரைத் தேடித்தான் வரும். அப்படி ஒரு விசாரணை எங்கே கொண்டுபோய் விடும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நேரத்தில் எங்கள் பக்கம் பேசப்போவது இன்று எழுதிவைக்கும் முறைப்பாடுதான்.