ஜூன் மாதத்துப் பிறந்தநாட்கள்

நம் பக்கத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்களை நிறுத்திப் பிறந்த தேதி கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் மே, ஜூன் என்பார்கள். அவர்களை அந்த மாதத்தில் பெற்றது தாய் இல்லை, ஒண்ணாம் வகுப்பு வாத்தியார்! ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். பையனை இழுத்துக்கொண்டு வந்து அப்பா நிற்பார். வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது என்று கணக்கு. அன்றைய தேதியிலிருந்து ஐந்து வருஷத்தைக் கழித்து ரிஜிஸ்டரில் எழுதிவிடுவார் வாத்தியார். பெற்றவளைக் கேட்டால் நட்சத்திரம் சொல்வாள், அல்லது "மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள்" என்பாள். ரிஜிஸ்டரில் அதற்கு இடம் ஏது?

நான் பிறந்தது புதுச்சேரியில், பிரெஞ்சுக்காரர் ஆட்சி இருந்தபோது. அங்கே 'எத்தா சிவில்' பதிவேட்டில் பிறந்த நாள் மட்டுமல்ல, மணி, வந்து சொன்னவர் பெயர், அவர் தொழில் வரை எழுதி வைப்பார்கள். பிழைப்புக்காக இங்கே தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக வந்த புதிதில் இந்த ஜூன் பிறப்புகளைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். பிறகு பழகிவிட்டது. 1969ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, ஒரு வருஷத்துக்கு மேல் தாமதமான பிறப்பைப் பதிய மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அதற்காக அலைந்த ஜனங்களைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஆனால் ஒன்று எனக்கு வெகுகாலம் உறைக்கவில்லை. காதைத் தொட முடியாத குழந்தைகள் என்ன ஆனார்கள்? மூளை முடக்குவாதத்தால் கை மேலே எழும்பாத பிள்ளை, சொன்னது புரியாமல் விழித்துக்கொண்டு நின்ற பிள்ளை, இவர்களை "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அந்த அடுத்த வருஷம் வராது. ரிஜிஸ்டரில் ஏறாததால் மற்றவர்களுக்குக் கிடைத்த பொய்ப் பிறந்தநாள்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஊனமுற்ற குழந்தைகளைச் சாதாரணப் பள்ளியிலேயே சேர்க்கும் மத்திய அரசுத் திட்டம் 1974லேயே வந்தது. பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி என்று 1995 சட்டம் சொன்னது. காகிதத்தில் இருந்தது நம் ஊருக்கு வந்து சேர்ந்தது சர்வ சிக்ஷா அபியான் காலத்தில்தான். வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபி செய்பவர்களும் வந்தார்கள். 2016 சட்டம் ஏழு வகையாக இருந்த குறைபாட்டை இருபத்தொன்றாக விரித்தது.

ஓய்வு பெற்றபின், பக்கத்து வீட்டுப் பேரனைக் கொண்டுபோய் விடும் சாக்கில் அப்படி ஒரு வகுப்புக்கு நானும் போக ஆரம்பித்தேன். அங்கே நான் முதலில் பார்த்தது ஒரு பிறந்தநாள். நம் பள்ளிகளில் பிறந்தநாள் என்றால் கலர் டிரஸ், கைநிறைய சாக்லேட், அவ்வளவுதான். இங்கே அது அரை நாள் பாடம். காலண்டரில் இன்றைய தேதியைத் தொட்டுக் காட்டுவதில் தொடங்குகிறது. மெழுகுவர்த்தி ஊதுவது விளையாட்டு இல்லை. உதட்டைக் குவித்து மூச்சை விடுவது பேச்சுப் பயிற்சியில் ஒரு படி. பலூன் கிடையாது, வெடித்தால் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளைகள் உண்டு. கைதட்டலுக்குப் பதில் இரண்டு கைகளையும் உயர்த்தி அசைக்கிறார்கள், காது கேளாதவர்கள் வழக்கப்படி. நான் பை நிறைய ஆரஞ்சு மிட்டாய் வாங்கிப் போயிருந்தேன். டீச்சர் மெல்ல வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, "விழுங்கத் தெரியாத பிள்ளைங்க இருக்காங்க சார், தொண்டையில சிக்கிக்கும். அடுத்த தடவை கேசரி கொண்டாங்க" என்றார்.

ஓசூர், கிருஷ்ணகிரி என்றால் வீட்டுக்கு ஒரு பாஷை. ஒரு குழந்தைக்கு அது 'புட்டினரோஜு', இன்னொன்றுக்கு 'ஹுட்டுஹப்பா', உருது பேசும் வீட்டில் 'சால்கிரா'. டீச்சர் நாலையும் சொல்லித்தான் வாழ்த்துகிறார். கன்னடத்தில் அதைப் பண்டிகை என்றே சொல்லிவிட்டார்கள் பாருங்கள்!

எல்லாத் தாய்மாரும் சந்தோஷமாக வருவதில்லை. ஒரு அம்மா மகனுக்குப் புதுச்சட்டை போட்டு விட்டுவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வாம்மா என்றேன். "அன்னிக்குத்தான் சார் எல்லாம் போச்சு. பொறந்ததும் அழவே இல்ல. நீலமா கெடந்தான்" என்றார். எட்டு வருஷமாக அந்தத் தேதியில் அவர் அடுப்பு மூட்டினதில்லையாம். எனக்குப் பதில் தெரியவில்லை.

பள்ளிப் படிப்பெல்லாம் பிரெஞ்சில் ஆனதால் இதன் பூர்வ கதை கொஞ்சம் தெரியும். காது கேளாதவர்களுக்குப் பாரிசில் பள்ளி நடத்திய பாதிரியார் அபே தெ லெப்பே 1712 நவம்பர் 24 அன்று பிறந்தவர். அவர் காலமாகி வெகுநாள் கழித்து, 1834ல், அதே பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரான ஃபெர்தினான் பெர்த்தியேயும் நண்பர்களும் அவர் பிறந்தநாளுக்கு விருந்து வைத்தார்கள். பெர்த்தியேவுக்கும் காது கேளாது. பேச்சு, வாழ்த்து எல்லாம் சைகையில். பிறகு வருஷா வருஷம் நடந்தது. வாத்தியார் பிறந்தநாள் என்பது பெயருக்கு. தாங்கள் இருக்கிறோம் என்று ஊருக்குக் காட்டத்தான் கூடினார்கள் என்பது என் எண்ணம்.

அதே பள்ளியில் டாக்டர் இத்தார் வளர்த்த விக்தோர் கதை வேறு. 1800ல் அவேரோன் பக்கம் காட்டிலிருந்து வந்து சேர்ந்த பையன். பன்னிரண்டு வயது இருக்கலாம் என்று உத்தேசமாகச் சொன்னார்கள். பெயர்கூட இத்தார் வைத்ததுதான், 'ஓ' என்ற ஒலிக்கு அவன் திரும்பிப் பார்த்ததால். அவனுக்குப் பிறந்தநாளே கிடையாது. 1828ல் இறந்தான். இறந்த வருஷம் மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் தம்பி. 1953 பிப்ரவரி 12, காலை ஆறு மணி. எத்தா சிவில் பதிவேட்டில் எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம். அந்தப் பெயர் அப்போது எங்களுக்குத் தெரியாது. டாக்டர் 'மங்கோலியன்' என்றார். இருபத்தொன்றாம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதுதான் காரணம் என்று பாரிசில் லெழேன், மார்த் கோத்தியே, தூர்ப்பென் மூவரும் வெளியிட்டது 1959ல். அதனால்தான் இன்று மூன்றாம் மாதம் இருபத்தொன்றாம் தேதியை உலக டவுன் சிண்ட்ரோம் தினம் என்கிறார்கள்.

எனக்குப் பிறந்தநாள் வந்தால் அப்பா கேக் வாங்கி வருவார். தம்பியின் தேதி வந்தால் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். கேக் வெட்டும்போது என் பக்கத்தில் நின்று அவன்தான் முதலில் கைதட்டுவான். பதினான்கு வயதில் ஜன்னியில் போய்விட்டான். பதிநான்கு தடவை வந்த தேதியில் ஒரு தடவைகூட ஏன் என்று அப்பாவை நான் கேட்கவில்லை. நானும் ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுத்ததில்லை.

இந்த வருஷம் பிப்ரவரி 12 அன்று வகுப்புக்குக் கேசரி கொண்டுபோனேன். "யாருக்கு சார் இன்னிக்கு?" என்றார் டீச்சர். தம்பிக்கு என்றேன். போர்டில் அவன் பெயரை எழுதச் சொல்லிச் சாக்பீஸைக் கையில் கொடுத்தார். எழுதினேன். பிள்ளைகள் கைகளை உயர்த்தி அசைத்தார்கள். முன்வரிசையில் ஒரு பையன் மட்டும் என் வெள்ளைச் சட்டையைப் பிடித்து இழுத்து, கலர் டிரஸ் எங்கே என்று சைகையில் கேட்டான்.