ஓவியனின் நோட்டுப் புத்தகம்

பலர் கூடிச் செய்கிற காரியத்தில் படைப்பாளி என்று எவனும் கிடையாது என்பது நம்மிடையே பரிசீலனையின்றி ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்ட ஒரு கருத்து. சினிமாவைப் பற்றிப் பேசும்போது டைரக்டர் என்ற ஒற்றை ஆளைக் கண்டுபிடித்து இந்தச் சங்கடத்திலிருந்து தப்பித்துக்கொண்டோம். காமிக்ஸ் விஷயத்தில் அந்தச் சிரமத்தைக்கூட யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அது ஒரு தொழிற்சாலைச் சரக்கு, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு சிலர் செய்து தள்ளுவது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கூலி வாங்கினார்கள் என்பது உண்மை. அதனால் அவர்கள் படைப்பாளிகள் அல்ல என்பது அந்த உண்மையிலிருந்து வருகிற முடிவல்ல. அது முதலாளிகளின் கணக்குக்குச் சௌகரியமான முடிவு. அமெரிக்காவில் 1975-இல் உருவான ஒரு சாகச வீரர் குழுவின் சரித்திரத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும்.

தனி வீரனைக் கற்பனை செய்வது ஒரு விதம், குழுவைக் கற்பனை செய்வது முற்றிலும் வேறு விதம். தனி வீரனுக்கு ஒரு எதிரி இருந்தால் போதும். குழுவுக்குள் வேற்றுமை வேண்டும். ஆரம்பத்தில் இது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. 1940-இன் கடைசியில் 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' மூன்றாவது இதழில் முதல் வீரர் குழு தோன்றியது. 'ஜஸ்டிஸ் சொசைட்டி' என்று பெயர். எட்டுப் பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அவ்வளவுதான். சொந்தமாக ஒரு பத்திரிகை கிடைத்துவிட்ட வீரன் குழுவிலிருந்து விலகி கௌரவ உறுப்பினனாகிவிட வேண்டும் என்று ஒரு விதியும் இருந்தது. குழு என்பது அங்கே கடையின் கண்ணாடி அலமாரி. விலை போன பொம்மையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பார்கள்.

இந்த அலமாரியை உடைத்தவர் ஜாக் கெர்பி. 1957-இல் விமான விபத்தில் பிழைத்த நால்வரை வைத்து ஒரு தொடரை வரைந்த அவர், 1961-இல் ஸ்டான் லீயுடன் சேர்ந்து 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' என்ற நால்வரைக் கொண்டுவந்தார். ஒருவன் கல்லாய் இறுகியவன், ஒருவன் நெருப்பு, ஒருவன் நீர்போல எப்படியும் வளைபவன், ஒருத்தி காற்றுப்போலக் கண்ணுக்குப் புலப்படாதவள். ஐம்பூதங்களில் நான்கு என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். முக்கியமானது அதுவல்ல. இந்த நால்வரும் தங்களுக்குள் சண்டையிட்டார்கள். கல்லாய்ப்போனவன் தன் உடம்பை வெறுத்தான். அவனை அப்படி ஆக்கிய ராக்கெட் பயணத்துக்குக் காரணமான நண்பனோடுதான் அவன் ஒரே கூரையின்கீழ் வாழ வேண்டியிருந்தது. குழு என்பது ஒரு வீடாகியது. வீடு என்றால் மனஸ்தாபம்.

அதே இருவர் 1963-இல் 'எக்ஸ்-மென்' தொடரைத் தொடங்கினார்கள். பிறவியிலேயே மாறுபட்ட சக்தியுள்ளவர்கள், அந்தக் காரணத்தாலேயே மற்ற மனிதர்களால் வெறுக்கப்படுகிறவர்கள் என்பது கரு. நல்ல கருதான். ஆனால் கதையில் வந்த ஐந்து இளைஞர்களும் வெள்ளை அமெரிக்கர்கள், வசதியான ஒரு பள்ளி மாளிகையில் ஒரே சீருடையில் வளைய வருபவர்கள். வெறுக்கப்படுவதாக வசனம் சொன்னது, உருவங்கள் சொல்லவில்லை. தொடர் விற்கவில்லை. 1970-க்குப் பிறகு ஐந்து வருஷம் பழைய கதைகளையே மறுபிரசுரம் செய்து காலம் தள்ளியது.

அதற்குப் புத்துயிர் கொடுத்த யோசனை கலையுலகிலிருந்து வரவில்லை. மார்வெல் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஆல் லாண்டாவ், தங்கள் பத்திரிகைகள் விற்பனையாகும் அந்நிய நாடுகளைச் சேர்ந்த வீரர்களை ஒரு குழுவில் போட்டால் அந்நாடுகளில் விற்பனை கூடும் என்று நினைத்தார். ஆசிரியராக இருந்த ராய் தாமஸ் இதைப் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். வேலை கடைசியில் லென் வெய்ன் என்ற எழுத்தாளரிடமும் டேவ் காக்ரம் என்ற ஓவியரிடமும் வந்து சேர்ந்தது. ஆக, தோற்றுவாய் சுத்தமான வியாபாரம். இந்த இடத்தில் நம் விமர்சகன் எழுந்து போய்விடுவான். போகாமல் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் விஷயம் கிடைக்கிறது. ஏனென்றால் அந்த இருவரும் செய்த குழுவில் ஒருவன் சோவியத் நாட்டவன். அந்தப் பத்திரிகைகள் விற்காத நாடு அது. உத்தரவு சந்தையைக் கேட்டது. கை வேறொன்றைக் கொடுத்தது.

எங்கிருந்து கொடுத்தது என்பதற்குப் பதில் காக்ரமின் நோட்டுப் புத்தகம். அவர் உருவங்களைச் சேர்த்துவைக்கும் வழக்கமுள்ளவர். எந்தக் கதைக்கு என்று தெரியாமலே பக்கம் பக்கமாக வீரர்களை, வில்லன்களை, அவர்களின் உடைகளை வரைந்து வைத்திருந்தார். வெய்னும் அவரும் உட்கார்ந்து அந்தப் பக்கங்களைப் புரட்டித்தான் குழுவைச் சேர்த்தார்கள்.

நைட்கிராலர் என்ற பாத்திரத்தைப் பார்க்கலாம். கருநீல உடம்பு, கைக்கு மூன்று விரல், முனை கூர்மையான வால். காக்ரம் கடற்படையில் குவாம் தீவில் இருந்தபோது உதித்த உருவம் அது. அப்போது அது நரகத்திலிருந்து வந்து, ஏவிய காரியத்தில் தோற்று, திரும்பிப் போக அஞ்சி மண்ணிலேயே தங்கிவிட்ட ஒரு பிசாசு. பிறகு டி.சி. நிறுவனத்தில் எதிர்கால வீரர்கள் பற்றிய ஒரு தொடரை வரைந்துகொண்டிருந்தபோது இந்த உருவத்தை அங்கே கொடுத்துப் பார்த்தார். பார்ப்பதற்கு மிகவும் விநோதமாயிருக்கிறது என்று ஆசிரியர் தள்ளிவிட்டார். அது 1975-இல் ஜெர்மனிய சர்க்கஸ் கலைஞனாக மறுபிறவி எடுத்தபோது பிசாசு என்ற கதை உதிர்ந்துபோய், பிசாசு என்று பிறர் நினைக்கிற மனிதன் என்ற கதை முளைத்தது. கதையில் அவன் அறிமுகமாகும்போதே ஒரு ஊர்க்கூட்டம் அவனைக் கொல்லத் துரத்திக்கொண்டிருக்கிறது. 1963-இல் வசனம் மட்டுமே சொன்னதை இங்கே உடம்பு சொல்லிவிடுகிறது. இதோடு நின்றிருந்தால் அது அழுகைச் சரக்காகியிருக்கும். காக்ரம் அவனை எர்ரல் ஃப்ளின்னின் வாள்வீச்சுப் படங்களில் மோகமுள்ள குதூகலக்காரனாக ஆக்கினார். தன் வாலைப் பற்றி வெட்கமில்லாத பிசாசு. வடிவத்துக்கும் சுபாவத்துக்கும் இடையே வைக்கப்பட்ட இந்த முரண்தான் சிருஷ்டி என்பது.

ஸ்டார்ம் உருவானது வேறு வழியில். முதலில் பூனையாக மாறக்கூடிய ஒரு பெண்ணை காக்ரம் வரைந்திருந்தார். பூனைப் பெண்கள் அதற்குள் மற்ற பத்திரிகைகளில் மலிந்துவிட்டார்கள். ஆகவே அவளுடைய கண்களை வைத்துக்கொண்டு, நோட்டில் இருந்த வேறொரு ஆண் பாத்திரத்தின் சக்தியான மழையையும் புயலையும் அவளுக்குக் கொடுத்தார்கள். தலைமயிரை வெள்ளையாக்கினால் கிழவியாகத் தோன்றுவாள் என்று சிலர் ஆட்சேபித்தார்களாம். வெள்ளை மயிரே நிலைத்தது. கென்யாவில் தெய்வமாக வணங்கப்படும் ஓர் இளம் கறுப்புப் பெண் இப்படித்தான் கிடைத்தாள். கொலோசஸ் சைபீரியாவின் கூட்டுப்பண்ணையில் வேலை செய்யும் விவசாயப் பையன். நினைத்த மாத்திரத்தில் உடம்பு எஃகாகும். 1961-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் ராக்கெட்டில் அவசரமாக ஏறியதற்குக் காரணம், கம்யூனிஸ்டுகள் முந்திவிடக் கூடாது என்பதே. பதினான்கு வருஷத்தில் கூட்டுப்பண்ணைப் பையனே வீரனாகிவிட்டான். வியத்நாம் யுத்தம் முடிந்த வருஷம் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

வுல்வரின் விஷயம்தான் பலர் கை என்ற பிரச்னையின் முழு உதாரணம். கனடா நாட்டு வீரன் ஒருவன் வேண்டும் என்று கேட்டவர் ராய் தாமஸ். எழுதியவர் வெய்ன். உருவத்தை அமைத்தவர் ஜான் ரொமீட்டா. 1974-இல் 'ஹல்க்' இதழில் முதலில் வரைந்தவர் ஹெர்ப் டிரிம்ப். புதிய குழுவின் முதல் இதழுக்கு அட்டை வரைந்த கில் கேன் முகமூடியின் வடிவைத் தவறாகப் போட்டுவிட்டார். அந்தத் தவறு ஒரிஜினலைவிட நன்றாயிருக்கிறதென்று காக்ரம் உள்பக்கங்களை அதற்கேற்ப மாற்றினார். நகங்கள் கையுறையில் பொருத்தப்பட்டவை என்பது வெய்னின் எண்ணம். கிறிஸ் கிளேர்மான்ட் எழுத வந்தபின் 1976-இல் அவை கையின் எலும்போடு இருப்பவை என்றாயின. ஆயுதம் தரித்தவனுக்கும் ஆயுதமாகவே இருப்பவனுக்கும் உள்ள தூரம் சாமான்யமானதல்ல. பின்னால் எழுதப்பட்ட அவனுடைய துயரம் முழுவதும் அந்த ஒரு மாற்றத்திலிருந்துதான் வருகிறது. முகமூடி கழற்றிய முகத்தை முதலில் கொடுத்தவர் காக்ரம். இத்தனை கை பட்டும் ஒவ்வொரு கையின் ரேகையும் தனியாகத் தெரிகிறது. பலர் செய்தது என்றால் யாரும் செய்யாதது என்று அர்த்தமல்ல என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

குழுவின் உருவ தர்மத்துக்கு ஒரு குரூரமான பக்கமும் உண்டு. தண்டர்பேர்ட் என்ற அபாச்சி இனத்து வீரனையும் இவர்கள் படைத்தார்கள். பலத்தில் அவன் கொலோசஸ் போல, கோபத்தில் வுல்வரின் போல. அவன் மட்டுமே செய்யக்கூடியது என்று குழுவில் எதுவும் இருக்கவில்லை. தோன்றிய மூன்றாவது இதழிலேயே கொன்றுவிட்டார்கள். உருவரீதியாக இது நியாயம்: ஒரே ஸ்வரம் இரண்டு முறை ஒலித்தால் ஒன்று அடங்க வேண்டும். ஆனால் எல்லா நாட்டாரும் இடம் பெற்ற குழுவில் அமெரிக்காவின் பூர்வகுடி மட்டும் முதலில் செத்தான் என்பதை உருவரீதியான காரணம் சொல்லி மூடிவிட முடியாது. அவனுக்கென ஒரு தனிக் குணத்தைக் கண்டுபிடிக்க முடியாமல்போனது கற்பனையின் வறுமை. அந்த வறுமை அவர்கள் இருவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. தலைமுறை தலைமுறையாகப் பூர்வகுடிகளைக் கோபம் என்ற ஒரே குணத்தில் பார்த்துப் பழகிய ஒரு தேசத்தின் கண் அது.

பிறகு நடந்தது வளர்ச்சி. கிளேர்மான்ட் 1975 முதல் 1991 வரை பதினாறு வருஷம் விடாமல் எழுதினார். காக்ரமுக்குப் பின் 1977-இல் வந்த ஜான் பைர்ன், கனடாவில் வளர்ந்தவராதலால் வுல்வரினை ஓரம்கட்ட விடவில்லை. 1991-இல் கிளேர்மான்ட்டும் ஜிம் லீயும் தொடங்கிய புதிய 'எக்ஸ்-மென்' முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிற்று. 2000-இல் சினிமாவாயிற்று.

அந்தப் பணம் யாருக்குப் போயிற்று என்று கேட்டால்தான் இந்தச் சரித்திரம் பூர்த்தியாகிறது. ஓவியனுக்குப் பக்கக் கூலி. அவன் வாங்கும் செக்கின் பின்பக்கத்தில், இதில் கையெழுத்திடுவதால் எல்லா உரிமைகளையும் கொடுத்துவிட்டேன் என்று அச்சிட்டிருக்கும். பணத்தை எடுக்கவேண்டுமானால் கையெழுத்துப் போட்டாக வேண்டும். 1976-இல் இயற்றிய புதிய காப்புரிமைச் சட்டம் 1978-இல் அமலுக்கு வந்தபோது, வெளியிலிருந்து எழுதுவோரிடமும் வரைவோரிடமும் மார்வெல் ஒரு பக்க ஒப்பந்தத்தை நீட்டியது. செய்ததும் இனிச் செய்யப்போவதும் நிறுவனத்தின் படைப்பே என்பது அதன் சாரம். இதை ஆழ்ந்து பார்க்க வேண்டும். உரிமை மட்டுமல்ல, படைத்தான் என்ற நிகழ்ச்சியே சட்டப்படி இல்லாமலாகிறது. படைப்பாளி நிறுவனம், மனிதன் அதன் விரல்.

காக்ரம் டி.சி.யை விட்டு வந்ததே, தான் வரைந்த ஒரு கல்யாணக் காட்சியின் அசல் ஓவியத்தைத் திருப்பிக் கேட்டு அவர்கள் மறுத்ததால்தான். 2004-இல் அவர் நோயுற்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சக ஓவியர்கள் அவருக்காகப் பணம் திரட்டினார்கள். விஷயம் வெளியே பேசப்பட்ட பிறகு மார்வெல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. 2006 நவம்பரில் இறந்தார். கெர்பியின் வாரிசுகள் 2009-இல் உரிமை கோரினார்கள். 2011-இலும் 2013-இலும் கோர்ட்டுகள் கூலிக்குச் செய்த வேலை என்று தள்ளின. சுப்ரீம் கோர்ட் வழக்கை எடுத்துக்கொள்வதா என்று முடிவு செய்யும் முன் 2014-இல் சமரசமாயிற்று. அதற்கு அப்புறம்தான் கெர்பியின் பெயர் ஒழுங்காக அச்சாகிறது. அவர் 1994-இலேயே இறந்துவிட்டார்.

இதெல்லாம் தூரதேசத்துச் சமாசாரம் என்று சொல்லிவிடலாம். 1972-இல் முத்து காமிக்ஸ் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியைத் தெரியாத தமிழ் வாசகன் அந்தத் தலைமுறையில் குறைவு. அந்த மாயாவியை வரைந்தவர் ஹேசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர் என்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? அந்தக் காலத்து பிரிட்டிஷ் பத்திரிகைகள் ஓவியன் பெயரைப் போடுவதில்லை. நமக்கும் கேட்கத் தோன்றவில்லை. கோயில் சிற்பியின் பெயர் தெரியாமலிருப்பதை அவனுடைய தன்னடக்கம் என்று புளகாங்கிதம் அடைந்து பழகியவர்கள் நாம். பெயர் தெரியாததற்கு அடக்கம் மட்டுமே காரணம் என்பதற்கு என்ன அத்தாட்சி? கணக்கெழுதியவன் அதை எழுதவில்லை என்பதும் காரணமாயிருக்கலாம்.

தனிமையில் எழுதுபவனே கலைஞன் என்ற நம் கொள்கை உன்னதமானதாகத் தோன்றுகிறது. அதன் மறுபக்கத்தில், கூடிச் செய்பவன் கலைஞனல்ல என்ற தீர்ப்பு இருக்கிறது. செக்கின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த தீர்ப்பும் அதுவே. விமர்சனமும் கம்பெனி வக்கீலும் ஒரே வாக்கியத்தை எழுதுவது வெட்கத்துக்குரியது. எந்தக் கோடு யாருடையது, எந்த மாற்றத்தால் ஒரு உருவம் உயிர் பெற்றது, எந்த இடத்தில் கற்பனை தோற்றது என்று பார்த்துச் சொல்வதுதான் விமர்சனத்தின் வேலை. வெகுஜனச் சரக்கு என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்தால் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. கோர்ட் செய்யாது.