நிலநடுக்க இடர் மதிப்பீட்டைச் சரிபார்த்தல்

நிலநடுக்க இடர் மதிப்பீட்டைச் சரிபார்த்தல் என்பது, ஓரிடத்தில் எதிர்பார்க்கப்படும் நில அதிர்வு குறித்த கணிப்பை, அங்கு முன்னர் ஏற்பட்ட அதிர்வு, சேதம் ஆகியவற்றின் வரலாற்றுப் பதிவுகளுடன் ஒப்பிட்டு ஆராய்வதாகும். கட்டிட விதிகள் இக்கணிப்புகளைச் சார்ந்துள்ளன. கணிப்புக் குறைந்தால் உயிரிழப்பும், மிகுந்தால் வீண்செலவும் நேரிடும்.

தேவை

இடர் நிலப்படங்கள் பல, 50 ஆண்டுகளில் தாண்டப்படுவதற்கு 10% நிகழ்தகவு உள்ள அதிர்வைக் காட்டுகின்றன. இது சராசரியாக 475 ஆண்டுகளுக்கு ஒருமுறை தாண்டப்படும் அளவாகும். ஆனால் நிலநடுக்கப் பதிவுக் கருவிகள் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பயன்பாட்டுக்கு வந்தன. எனவே முந்தைய காலத்துக்குக் கடிதங்கள், செய்தித்தாள்கள், அரசு ஆவணங்கள் ஆகியவையே சான்றுகளாகின்றன.

முறை

1. பழைய குறிப்புகளிலிருந்து ஒவ்வோர் ஊரின் அதிர்வுச் செறிவும் 12 படிகள் கொண்ட மெர்க்கல்லி அளவீட்டில் மதிப்பிடப்படும். சில இடங்களில் சுவர்ப்பூச்சு உதிர்ந்தது என்பது 6 ஆம் படியையும், புகைபோக்கிகள் விழுந்தன என்பது 8 ஆம் படியையும் குறிக்கலாம்.
2. ஒவ்வோர் ஊரிலும் பதிவான மிகக்கூடிய செறிவு தெரிவு செய்யப்படும்.
3. நிலப்பட மதிப்பைத் தாண்டிய இடங்களின் விழுக்காடு, எதிர்பார்க்கப்பட்ட விழுக்காட்டுடன் ஒப்பிடப்படும்.

நிலப்படம் நிகழ்தகவையே கூறுவதால், ஓரிடத்தில் ஒருமுறை தாண்டப்பட்டதைக் கொண்டு அதனைத் தவறெனக் கொள்ள இயலாது. பல இடங்களை ஒன்றுசேர்த்தே முடிவு காண வேண்டும்.

கலிபோர்னியா

கலிபோர்னியாவில் 1857 முதல் 2019 வரையான 62 நிலநடுக்கங்களின் செறிவுகள் ஒரே சீராக மறுமதிப்பீடு செய்யப்பட்டு, 2020 இல் வெளியிடப்பட்டன. 475 ஆண்டு நிலப்படம் சரியெனில், இந்த 162 ஆண்டுகளில் ஏறத்தாழ 29% இடங்களில் அதன் மதிப்பு தாண்டப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பதிவான அதிர்வு பொதுவாக நிலப்படங்கள் கூறியதைவிடக் குறைவாகவே காணப்பட்டது. கணிப்பு மிகையாக இருக்கலாம்; அல்லது இக்காலத்தில் பெரிய நிலநடுக்கங்கள் குறைவாக நிகழ்ந்திருக்கலாம்.

கில்லாரி

பதிவுகளை மட்டும் நம்புவதும் பிழையாகலாம். இந்தியாவின் 1970 ஆம் ஆண்டு மண்டல நிலப்படம் பெரிதும் முன்னர் அறியப்பட்ட நிலநடுக்கங்களைச் சார்ந்திருந்தது. மகாராட்டிரத்தின் கில்லாரிப் பகுதி, 5 ஆம் படிக்கு மேற்பட்ட செறிவு எதிர்பார்க்கப்படாத முதலாம் மண்டலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் அங்கு 6.2 அளவுடைய நிலநடுக்கம் ஏற்பட்டது. மண்சாந்து கொண்டு கட்டிய கல்வீடுகள் இடிந்து, ஏறத்தாழ 10,000 பேர் உறக்கத்திலேயே இறந்தனர். 2002 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் முதலாம் மண்டலம் நீக்கப்பட்டது. சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது.

குறைபாடுகள்

மக்கள் வாழாத இடங்களுக்குப் பதிவுகள் இல்லை. செய்தித்தாள்கள் பெருஞ்சேதத்தையே விரித்துரைப்பதால் செறிவு மிகைப்படலாம். வலுவற்ற கட்டிடங்கள் சிறு அதிர்விலும் இடியக்கூடும் என்பதால், சேதத்தை மதிப்பிடும்போது கட்டுமான வகையும் கருதப்பட வேண்டும்.