ரிக் ஏணியும் குடிவரவுக் கணக்கும்: ஆல்பர்ட்டா எண்ணெய்க் கிணறுகளை முன்வைத்து

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் எண்ணெய்க் கிணறு துளையிடும் ரிக்குகளுக்கு ஆள் போதவில்லை என்ற குரல் எழும்போதெல்லாம், வெளிநாட்டுத் தொழிலாளரை எப்படி வரவழைப்பது என்பதே பேச்சாகிறது. வந்தவர் நிரந்தர வதிவுரிமை பெற முடியாமல் திரும்புவதற்கு அவருடைய திறன்குறைவைக் காரணம் காட்டுவது வழக்கம். திறனையும் நேரத்தையும் கனடாவின் விதிகள் அளக்கும் முறையிலேயே கோளாறு இருக்கிறது என்பது என் வாதம்.

ரிக்கில் எவரும் நேரடியாக, துளையிடலை இயக்கும் டிரில்லர் ஆவதில்லை. லீஸ்ஹேண்டாக எடுபிடி வேலையில் தொடங்கி, மோட்டார்ஹேண்ட், டெரிக்ஹேண்ட் என்று ஏறித்தான் அந்த இடத்துக்கு வருகிறார்கள். குடிவரவுத் துறை 2022 நவம்பர் முதல் பின்பற்றும் தொழில் வகைப்பாடு இந்த ஒரே ஏணியை மூன்றாக அறுக்கிறது: டிரில்லர் 3ஆம் நிலை, டெரிக்ஹேண்டும் மோட்டார்ஹேண்டும் 4, லீஸ்ஹேண்ட் 5; எண் கூடக் கூட நிலை தாழ்கிறது. நிரந்தர வதிவுரிமைக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையின் கனடிய அனுபவப் பிரிவோ 0 முதல் 3 வரையான நிலைகளை மட்டுமே ஏற்கிறது. ரிக் கோபுரத்தின் உயரத்தில் நின்று குழாய்களைக் கையாள்பவரும், கிணற்றுக்குள் செலுத்தும் சேற்றின் அடர்த்தியைக் கவனிப்பவரும் டெரிக்ஹேண்ட்தான். அடர்த்தி தவறினால் கிணறு சீறிவிடக்கூடும். இதைக் கீழ்நிலை வேலை என்று எழுதியவர் ரிக்கைத் தொலைவிலிருந்துகூடப் பார்த்திருப்பாரா என்பது ஐயமே.

டிரில்லர் ஆனவருக்கும் சிக்கல் தீர்வதில்லை. அந்தப் பிரிவில் விண்ணப்பிக்க அவர் 1,560 மணி நேர அனுபவம் காட்ட வேண்டும். ஆனால் வாரத்துக்கு 30 மணிக்கு மேல் உழைத்தது கணக்கில் வராது. ரிக்கிலோ நாளுக்கு 12 மணி நேர ஷிப்ட்; 14 நாள் வேலை, 7 நாள் விடுப்பு என்பது பரவலான முறை. மூன்று வாரச் சுற்றில் அவர் 168 மணி உழைக்கிறார். விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால் 60 மணிதான் தேறும். அலுவலக ஊழியர் 52 வாரங்களில் முடிப்பதற்கு இவருக்கு 78 வாரங்கள் ஆகும். அதற்குள் வசந்தம் வந்துவிடும். பனி உருகிச் சாலைகள் இளகுவதால் கனரக வண்டிகளுக்கு எடைக் கட்டுப்பாடு விதிக்கிறார்கள். ரிக்குகள் வாரக்கணக்கில் முடங்குகின்றன. ஒரே முதலாளியோடு கட்டப்பட்ட பணி அனுமதி வைத்திருப்பவர், புதிதாக விண்ணப்பிக்காமல் அந்த இடைவெளியில் வேறு நிறுவனத்துக்கு மாறவும் முடியாது.

ஆல்பர்ட்டா மாகாணத்தின் நியமனத் திட்டம் கீழ்நிலைத் தொழில்களுக்கும் வழிவிடுகிறதே என்று மறுக்கலாம். உண்மைதான். ஆனால் ஆண்டுதோறும் எத்தனை பேரை நியமிக்கலாம் என்பதற்கு ஒட்டாவாவிலுள்ள கூட்டாட்சி அரசு உச்சவரம்பு வைக்கிறது. தற்காலிகத்தையே கொள்கையாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணமும் உண்டு. தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் கனடாவில் பணிபுரியும் காலத்துக்கு 2011 ஏப்ரலில் வந்த நான்காண்டு வரம்பு, 2015 ஏப்ரலில் வேலை பழகிய தொழிலாளரையே வெளியேறச் சொன்னது. 2016 டிசம்பரில் அரசே அதைக் கைவிட்டது.

இந்தக் கோளாறைத் தீர்க்கப் புதிய திட்டமோ சட்டமோ தேவையில்லை. முழுநேர வேலையை வாரக் கணக்கில் வரையறுப்பது ஓர் ஒழுங்குவிதிதான். சுழற்சிமுறைத் தொழில்களுக்கு ஆண்டுச் சராசரியை ஏற்று, டெரிக்ஹேண்ட் அனுபவத்தை டிரில்லர் தொழிலின் பயிற்சிக்காலமாகச் சேர்த்துக்கொள்ள ஒழுங்குவிதிகளைத் திருத்தினாலே போதும்.