நெய்வேலி பங்கு விற்பனையும் ஒரு கூட்டணி மிரட்டலின் மதிப்பும்

2006 ஜூலை 6. பொதுத்துறை நிறுவனங்களின் பங்கு விற்பனை தொடர்பான முடிவுகள், யோசனைகள் எல்லாவற்றையும் நிறுத்தி வைப்பதாகப் பிரதமர் மன்மோகன் சிங் தரப்பிலிருந்து அறிவிப்பு வந்தது. கவனிக்க வேண்டியது "எல்லாவற்றையும்" என்ற சொல்லைத்தான். சண்டை நடந்தது நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் 10 சதவீதப் பங்குக்காக. ஆனால் அதே சமயத்தில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றிருந்த ஒரிசாவின் நால்கோவும் சேர்ந்தே தப்பித்தது. கடலூர் மாவட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தால் ஒரு மத்திய அரசின் பொருளாதாரக் கொள்கையே நின்றுபோனது.

"கலைஞர் மிரட்டினார், டெல்லி பணிந்தது" என்றுதான் இதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தொழிற்சங்கக்காரர்களைக் கேட்டால், "நாங்க வேலையை நிறுத்தினோம், அதனால பணிஞ்சாங்க" என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. நான் இதை நோண்டக் காரணம் வேறு. ஐந்தே வருஷத்தில் அதே கட்சி, முன்பைவிட இரண்டு எம்.பி.க்கள் அதிகமாக வைத்துக்கொண்டு, அதே மிரட்டலை விட்டது. மூன்றே நாளில் அதுவே இறங்கி வந்தது. நடுவில் என்ன மாறியது?

முதலில் நெய்வேலி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பதில் தொடங்கும் கதை பலருக்கும் தெரியும். 1956 நவம்பர் 14-இல் நிறுவனம் பதிவானது, 1957 மே 20-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். நிலம் கொடுத்த கிராமங்களுக்கு இது வெறும் கம்பெனி இல்லை. நிலம் போனாலும் பிள்ளைக்கு வேலை உண்டு என்ற நம்பிக்கையில் நடந்த கொடுக்கல் வாங்கல் அது. எதிர்த் தரப்பில் இருந்தது "கவர்மெண்டு" என்பதால்தான் அந்த நம்பிக்கை. பங்கு விற்பனை என்றதும் அந்த ஊர் பதறுவதற்கு இதுதான் அடிப்படை. கணக்குப்படி பார்த்தால் பயம் கொஞ்சம் மிகைதான். அப்போது மத்திய அரசிடம் 93.56 சதவீதம் இருந்தது. 10 போனாலும் 83.56 மிச்சம். தனியார் யாரும் முதலாளி ஆகப் போவதில்லை. ஆனால் முதல் செங்கல்லை உருவுகிறவன் இரண்டாவதை உருவ மாட்டான் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

அங்கே வேலைநிறுத்தம் ஏன் உடனே உறைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பழுப்பு நிலக்கரியை வெட்டி மாதக்கணக்கில் குவித்து வைக்க முடியாது, தானாகவே தீப்பிடிக்கும். சுரங்கத்திலிருந்து கன்வேயர் பெல்ட்டில் நேராக அனல்மின் நிலையத்துக்குப் போக வேண்டியது அது. நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் பம்ப் வைத்து வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 2006-இல் நெய்வேலி மின் நிலையங்களின் மொத்தத் திறன் 2,490 மெகாவாட். அந்த மின்சாரம் தமிழ்நாட்டுக்கு மட்டும் இல்லை, கர்நாடகா, கேரளா, ஆந்திரா, புதுச்சேரிக்கும் போனது. சுரங்கத்தில் ஆள் இறங்காவிட்டால் பெங்களூரு வரைக்கும் விளக்கு மங்கும்.

இனி எண்களுக்கு வருவோம். 2004 மக்களவைத் தேர்தலில் திமுக அணி தமிழகத்தின் 39 தொகுதிகளையும் அள்ளியது. அதில் திமுகவுக்கு 16, காங்கிரசுக்கு 10. டெல்லியில் காங்கிரசிடம் மொத்தமே 145 எம்.பி.க்கள், இடதுசாரிகளும் திமுகவும் இல்லாமல் ஆட்சி நிற்காது. 2006 மே மாதம் சட்டமன்றத் தேர்தல் முடிந்தபோது சென்னையில் கதை தலைகீழ். 234 பேர் சபையில் திமுகவுக்கு 96, காங்கிரசுக்கு 34. பெரும்பான்மைக்கு 118 வேண்டும். ஆட்சியில் பங்கு தராமலேயே காங்கிரசின் வெளி ஆதரவை வாங்கிக்கொண்டு கருணாநிதி முதல்வரானார். ஜெயலலிதா அடுத்த ஐந்து வருஷமும் அதை "மைனாரிட்டி திமுக அரசு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அதாவது டெல்லியில் காங்கிரசின் கழுத்து திமுக கையில், சென்னையில் திமுகவின் கழுத்து காங்கிரஸ் கையில். இப்படிப்பட்ட நிலையில் யாரும் யாரையும் மிரட்ட முடியாது என்றுதான் தோன்றும். ஆனாலும் கருணாநிதி மிரட்டினார். ஜூன் மாதம் மத்திய அமைச்சரவைக் குழு நெய்வேலி விற்பனைக்கு ஒப்புதல் தந்தது, ஜூலை முதல் வாரம் வேலைநிறுத்தம், கூடவே "மத்திய அரசில் நீடிப்பதா என்று யோசிக்க வேண்டி வரும்" என்ற தொனியில் திமுகவின் எச்சரிக்கை. டி.ஆர். பாலு, தயாநிதி மாறன், ஆ. ராசா எல்லாம் அப்போது மத்திய அமைச்சர்கள். தாங்கள் அங்கம் வகிக்கிற அரசின் முடிவைத் தாங்களே எதிர்த்தார்கள். நிதியமைச்சரும் தமிழர்தான், ப. சிதம்பரம்.

எதற்காக இவ்வளவு ரிஸ்க்? என் கணிப்பு: பாமக. கடலூர் மாவட்டம் அந்தக் கட்சிக்குச் சொந்த வீடு மாதிரி. அதுவும் அதே கூட்டணியில்தான் இருந்தது. அன்புமணி மத்திய சுகாதார அமைச்சர். திமுக வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நெய்வேலி மண்ணில் பேசுகிற இடத்தை பாமக எடுத்துக்கொண்டிருக்கும். எதிரணியில் அதிமுகவும், தேர்தலுக்கு முன்புதான் அங்கே போயிருந்த வைகோவும் வேறு. காங்கிரசை எதிர்த்த அளவுக்கே தன் தோழமைக் கட்சியையும் முந்த வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். கூட்டணிச் சண்டைகளில் பாதி இப்படித்தான். முகம் ஒருவரைப் பார்க்கும், கண் பக்கத்தில் இருப்பவர் மேல் இருக்கும்.

மிரட்டல் பலித்ததற்கு இன்னொரு காரணம், அதற்கு முந்தைய வருஷமே இடதுசாரிகள் பெல் நிறுவனத்தின் பங்கு விற்பனையை நிறுத்தியிருந்தார்கள். பாதை ஏற்கெனவே போட்டாகிவிட்டது. ஆனால் 59 எம்.பி.க்கள் வைத்திருந்த இடதுசாரிகள் வெளியே நின்று கத்தினார்கள், 16 வைத்திருந்த திமுக உள்ளே உட்கார்ந்துகொண்டு கத்தியது. ஒரு அமைச்சரவையை இரண்டாவதுதான் அதிகம் உலுக்கும். இதையும் சொல்லவேண்டும்: 2006-இல் "ஊழல்" என்ற சொல் தமிழகத்தில் சுட்டியது எதிர்த் திசையை. ஜெயலலிதாவின் சொத்துக் குவிப்பு வழக்கு பெங்களூருவில் நடந்துகொண்டிருந்தது. திமுகவை மடக்க டெல்லியின் கையில் கோப்பு எதுவும் இல்லை.

இப்போது 2011. 2009 தேர்தலில் திமுகவுக்கு 18 எம்.பி.க்கள். ஆனால் 2010 நவம்பர் 14-இல் ஆ. ராசா தொலைத்தொடர்பு அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார். அந்த மாதமே நாடாளுமன்றத்துக்கு வந்த தணிக்கை அறிக்கையில் இருந்த உத்தேச இழப்பு 1.76 லட்சம் கோடி ரூபாய். அந்த எண் டீக்கடை வரைக்கும் போனது, "உத்தேச" என்ற சொல் போகவில்லை. 2011 பிப்ரவரி 2-இல் ராசா கைது. பிப்ரவரி 18-இல் கலைஞர் டிவி அலுவலகத்தில் சிபிஐ சோதனை.

இதற்கு நடுவேதான் தொகுதிப் பங்கீடு. 2006-இல் 48 தொகுதிகளில் நின்ற காங்கிரஸ் இந்த முறை 63 கேட்டது. திமுக 60 வரை வந்தது. மார்ச் 5-ஆம் தேதி, மத்திய அரசிலிருந்து விலகி, பிரச்சினையின் அடிப்படையில் மட்டும் ஆதரவு என்று திமுக அறிவித்தது. 2006-இல் அரைகுறையாகச் சொன்னதை இந்த முறை தீர்மானமாகவே போட்டார்கள். மார்ச் 8-ஆம் தேதி காங்கிரசுக்கு 63 தொகுதி என்று முடிந்தது! பாமகவும் முஸ்லிம் லீக்கும் தங்களுடையதில் ஆளுக்கு ஒன்றை விட்டுக்கொடுத்தன.

இதற்கு எண் மட்டுமே காரணம் என்று வாதிடலாம். காங்கிரசிடம் 206 எம்.பி.க்கள் இருந்தார்கள், முலாயமும் மாயாவதியும் வெளியிலிருந்து தாங்கத் தயார். அது உண்மை. ஆனால் எண் காரணத்தை வைத்து 63 என்பதை முழுக்க விளக்க முடியவில்லை. தமிழகத்தில் காங்கிரசுக்கும் திமுக இல்லாமல் போக்கிடம் இல்லை; அதிமுக அணியில் விஜயகாந்த் சேர்ந்துவிட்டார். சமபலம் உள்ள இருவர் பேரம் பேசினால் 55-இலோ 58-இலோ முடிந்திருக்கும். அந்த மேஜையில் மூன்றாவதாக ஒரு விசாரணை அமைப்பும் உட்கார்ந்திருந்தது என்பதே என் வாசிப்பு. யாரும் அதன் பெயரைச் சொல்ல வேண்டிய தேவைகூட இல்லை. தேர்தலில் காங்கிரஸ் 63-இல் 5 ஜெயித்தது, திமுக மொத்தமே 23. முதன்முறையாகத் தனித் தொகுதியாக உருவான நெய்வேலி பாமகவுக்குப் போய், அதிமுகவிடம் தோற்றது.

(ராசாவும் கனிமொழியும் உட்பட அனைவரும் 2017 டிசம்பர் 21-இல் சிறப்பு நீதிமன்றத்தில் விடுதலை ஆனார்கள். சிபிஐ மேல்முறையீடு செய்திருக்கிறது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டதா என்பது இந்தக் கட்டுரையின் கேள்வி இல்லை. பேரத்தில் அதன் எடையைத்தான் பார்க்கிறேன், அந்த எடை தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை.)

2013 இன்னும் சுவாரசியம். மார்ச் 19-இல், இலங்கை மீதான ஜெனீவா தீர்மானத்தை முன்வைத்து திமுக நிஜமாகவே வெளியேறியது. இரண்டு நாள் கழித்து, வெளிநாட்டு கார் இறக்குமதி வழக்கு ஒன்றில் ஸ்டாலின் வீட்டுக்கு சிபிஐ வந்தது. பிரதமரும் சிதம்பரமும் இது நடந்திருக்கக் கூடாது என்று அவசரமாக விளக்கம் சொன்னார்கள். சோதனையும் சில மணி நேரத்தில் நின்றது. நம்பினவர்கள் எத்தனை பேரோ.

அந்த ஜூனில் நெய்வேலி மறுபடியும் வந்தது. பொதுத்துறை நிறுவனங்களில் குறைந்தது 10 சதவீதம் பொதுமக்கள் கையில் இருக்க வேண்டும், ஆகஸ்டுக்குள் செய்ய வேண்டும் என்ற செபி விதியைக் காட்டி, 5 சதவீதம் விற்க மத்திய அரசு முடிவெடுத்தது. மறுபடி வேலைநிறுத்தம். அதே ஜூனில்தான் கனிமொழி காங்கிரஸ் ஆதரவோடு மாநிலங்களவைக்கு ஜெயித்தார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். கூட்டணி இல்லை, ஆனால் உறவும் அறுபடவில்லை. இந்தச் சமயத்தில் திமுகவால் எதைத் திரும்பப் பெறுவேன் என்று சொல்ல முடியும்?

வழி கண்டுபிடித்தது எந்தக் கூட்டணியிலும் இல்லாத ஜெயலலிதா. விற்றே ஆகவேண்டும் என்றால் தமிழக அரசு நிறுவனங்களிடம் விற்றுவிடுங்கள் என்று கடிதம் எழுதினார். செபி ஒத்துக்கொண்டது. 90-க்கு இறங்கத் தேவையான 3.56 சதவீதத்தை மட்டும், பங்கு 60 ரூபாய் வீதம், சுமார் 358 கோடிக்கு ஐந்து மாநில அரசு நிறுவனங்கள் வாங்கின. அவர் மேல் ஊழல் வழக்கு அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது. அடுத்த வருஷம் அதில் தண்டனையே வந்தது. ஆனால் இந்த விஷயத்தில் அவர் டெல்லியிடம் தயவு எதுவும் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்குகிறேன் என்றார்.

அதற்குப் பிறகு நெய்வேலிப் பங்குகள் தவணை தவணையாகப் போயின. 2024 மார்ச்சில் மட்டும் 7 சதவீதம், அடிப்படை விலை 212 ரூபாய். மத்திய அரசின் பங்கு 72.2 சதவீதத்துக்கு இறங்கியது. 2019 தேர்தலில் உதயசூரியன் சின்னத்தில் ஜெயித்து மக்களவைக்குப் போனவர்கள் 24 பேர், 2006-ஐவிட எட்டு பேர் அதிகம். எதிரே பாஜகவுக்குத் தனிப் பெரும்பான்மை. விற்பனை இரண்டு வேலை நாளில் முடிந்தது.

1972-இல் எம்ஜிஆர் கொடுத்த ஊழல் புகார் மனு, இந்திரா–திமுக உறவு முறிகிற வரை தூங்கி, 1976-இல் ஆட்சிக் கலைப்போடு சர்க்காரியா கமிஷனாக எழுந்த கதையும் இதே ரகம். அதைத் தனியாக எழுதுகிறேன்.